அடியில் இருந்த நிறம்

"மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளி ஆகும் மேடம். இந்தக் காசுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் காரே வாங்கிடலாம்லா. நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சிட்டன். பழைய பெயின்ட் எல்லாத்தையும் உரிச்சிட்டுத்தான் புதுசு அடிக்க வேணும்," என்றாள் மீனலோசனி.

பக்கிரிசாமி தலையைச் சொறிந்தான். கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் கார் பட்டறை போட்ட இந்தப் பதினைந்து வருடத்தில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்துவிட்டான். ஆனால், கண் தெரியாத ஒருத்தி காருக்குப் பெயின்ட் அடிக்க வருவது இதுதான் முதல் தடவை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காரை லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, டாக்சி பிடித்துப் பின்னாலேயே வந்திருந்தாள்.

இரண்டே பேர் உட்காரும் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ்.

"இது தகரம் இல்ல மேடம். மருந்து ஊத்தி உரிச்சா பாடியையே அரிச்சுடும். தண்ணி விட்டு, சேண்ட் பேப்பர் போட்டு, கையாலதான் தேய்க்கணும். தூள் பட்டா உடம்பெல்லாம் நமைக்கும். அதான் இவ்வளவு விலை."

"பரவாயில்லை. இருபது வருஷமா என்ட வீட்டுக்காரர் இதை ஒருத்தரையும் தொட விட்டதில்லை. விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. போர்ச்சில மூடி வெச்சிருந்தவர். அவர் கண்ணை மூடி ஆறு மாதம்."

"கார் மேல அவ்வளவு பிரியமா?"

"என் மேலயும்தான். கையைப் பிடிச்சு அவர் கூட்டிக்கொண்டு போகாத கோயில் இல்லை. எனக்குத் தட்டில சோறு போட்டு மூடி வெச்சிட்டுத்தான் வேலைக்குப் போவார்."

மறுநாளிலிருந்து தினமும் வந்தாள். காருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பக்கிரிசாமிக்கு முதுகில் யாரோ கண்ணை வைத்திருப்பது போலவே இருக்கும்.

இரண்டாம் நாள் திடீரென்று, "தேய்க்கிற சத்தம் மாறுது. நிறம் மாறிட்டுதோ?" என்றாள்.

அவன் கை அப்படியே நின்றது. சிவப்புக்கு அடியிலிருந்து, அப்போதுதான், நகக்கண் அளவுக்கு வெள்ளை எட்டிப் பார்த்திருந்தது.

"இது நடுவில அடிச்சது. இன்னும் அடிக்குப் போங்கோ."

நான்காம் நாள் அவளே எழுந்து வந்தாள். காரைத் தடவிக்கொண்டே நடந்து, இடது பக்க முன் விளக்குக்கு மேலே விரலை வைத்தாள். "இஞ்ச தேயுங்கோ."

தேய்த்தான். வெள்ளை கரைந்தது. வெளியே சிவப்பு வளையம், உள்ளே வெள்ளை வளையம், நடுவில் ஒரு மஞ்சள் வட்டம். ஏதோ கண் திறந்து அவளையே பார்ப்பது போலிருந்தது.

"என்ன நிறம்?"

"மஞ்சள் மேடம். ஃபேக்டரியில அடிச்ச பெயின்ட் இதான்."

அவள் உதடுகள் அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் திருப்பிச் சொல்லின.

அவன் குனிந்து பார்த்தான். "இங்க வெடிப்பு இருக்கு. தகரம்னா நசுங்கும், இது நட்சத்திரம் மாதிரி வெடிக்கும். ஏதோ பலமா மோதியிருக்கு." சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் துழாவினான். "உள்பக்கம் ஒட்டுப் போட்டிருக்காங்க. போட்டுட்டு, மேல வெள்ளையை அடிச்சு மறைச்சிட்டாங்க. சுவத்துல மோதியிருந்தா துண்டு துண்டா பேந்திருக்கும். இது அப்படி இல்ல, மெத்துனு ஏதோ..."

அவன் கையை வெளியே எடுத்தான்.

"ஆள்தான்," என்றாள் மீனலோசனி. "அறுபத்தெட்டாம் வருஷம். கிள்ளான் ரோட்டில பஸ்ஸுக்கு நிண்டனான். மஞ்சள் கார் ஒண்டு வந்தது. நான் கடைசியாக் கண்ட நிறம் அதுதான்."

பிறவியிலேயே இப்படி என்றல்லவா அவன் நினைத்திருந்தான்!

"அடப்பாவி! நிறுத்தாமலே போயிட்டானா? பாவம், உங்க வீட்டுக்காரர் தெரியாம அந்தக் காரையே வாங்கிட்டார். விடக் கூடாது மேடம். ரெஜிஸ்ட்ரேஷன் கார்டுல பழைய ஓனர் பேரெல்லாம் இருக்கும். பேர் கிடைச்சா ஆளைப் பிடிச்சிடலாம்!"

"கார்டைத் தங்கச்சி மகள் வாசிச்சுக் காட்டினவள்." அவள் விரல்கள் அந்த மஞ்சளை விட்டு எழவில்லை. "புதுசா வாங்கின நாள் தொட்டு அதில ஒரே பேர், என்ட வீட்டுக்காரற்ற பேர்தான். 'விபத்தைப் பேப்பரில வாசிச்சன், மனம் கேக்கேல்லை, பார்க்க வந்தன்' எண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில வந்து நிண்டாரே, அண்டைக்குத்தான் அவற்ற குரலை நான் முதன்முதலாக் கேட்டது."