எச்சில் வார்த்தைகள்

"அந்த ஆளு பக்கத்துல எப்படி உக்கார்றீங்க அண்ணி? குமட்டலையா?" முதல் வகுப்பு முடிந்ததுமே நாத்தனார் கேட்டாள்.

அண்ணிக்குக் குமட்டத்தான் செய்தது. இங்கிலீஷ் மாஸ்டர் ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருப்பார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுச் சீட்டுகளைப் பிரித்து மேசையில் போடுவார். எச்சில் ஈரத்தோடு அவற்றை எடுத்து, வாக்கியமாக அடுக்க வேண்டும். அவளுக்கு இப்போது உதவுவது வலது கை ஒன்றுதான். இடது கையில் கட்டு.

அட்டைப்பெட்டி வெட்டும் மெஷின் அவளுடைய இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டு பதினெட்டு நாளாகியிருந்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று பிளேடுக்கு மேலிருந்த மூடியை மேனேஜர் என்றைக்கோ கழற்றச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். தப்பு மெஷின் மேலா, அவள் மேலா என்று அவர் எழுதுவதில்தான் அவள் வேலை இருக்கிறது.

"கவலைப்படாதேம்மா. இங்கிலீஷ் கத்துக்கோ, ஆபீஸ்லயே உக்கார வெச்சுடறேன்" என்று மேனேஜரே சாப்பாட்டு அறையில் இலவச வகுப்பு ஏற்பாடு செய்தார். அவளுக்காக ஆரம்பித்த வகுப்பில், அங்கேயே வேலை செய்யும் நாத்தனாரோடு சேர்த்து இன்னும் ஏழு பெண்கள் தாங்களாகவே வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

வியாழக்கிழமை மாஸ்டர் ஐந்து சீட்டுகளைப் போட்டார். இட், ஆஃப், ஐ, மைசெல்ஃப், டுக்.

"டேக் வேற, டேக் ஆஃப் வேற. ஆஃப் வந்து ஒட்டிக்கிட்டா, கழட்டுறதுன்னு அர்த்தம். நடந்து முடிஞ்சதைச் சொல்றோம், அதனால டுக். இட் நடுவுல உக்காரும், மறந்துடாதீங்க."

"இட்னா எதை சார் கழட்டுறது?" என்றாள் நாத்தனார்.

"செருப்புன்னு வெச்சுக்கோயேன். எதைங்கிறதா முக்கியம்? வார்த்தை வரிசைதான் முக்கியம்."

"நீங்க செருப்பைக் கழட்டினா ரூமே காலியாயிடும் சார்."

எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் சிரத்தையாக அடுக்கினாள். ஐ டுக் இட் ஆஃப் மைசெல்ஃப். முதல் தடவையே சரி.

மற்றவர்கள் நோட்டில் எழுதியதை மாஸ்டர் சிவப்பு மையால் திருத்தி, 'நன்று' போட்டுக்கொண்டே வந்தார். அவளிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"ஒத்தைக் கையால நோட்டைப் பிடிச்சுக்கிட்டு எழுத வராது. இதுல எழுதும்மா. மேல நாலு வரி இடம் விடு. கீழ பேரு, கையெழுத்து. பரீட்சைன்னா அப்படித்தான்."

குண்டு குண்டாக எழுதி, கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தாள். மாஸ்டர் விரலை நாக்கில் தொட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆய்வாளர் அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் சாட்சியாக மாஸ்டர்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"மெஷின் மூடியைக் கழட்டினது யாருன்னு கேட்டிருக்காங்க. நானேதான் கழட்டினேன்னு இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

அவள் விட்டிருந்த இடத்தில் அந்தக் கேள்வி டைப் அடித்திருந்தது. தாளின் மூலையில் எச்சில் காய்ந்த தடம். அவள் தாளைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

வாசலில் நின்றிருந்த நாத்தனார்தான் தன் நோட்டை எடுத்து வந்து ஆய்வாளர் முன்னால் விரித்தாள். பின்னாலேயே இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஏழு நோட்டிலும் அதே வரி. பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்று'.

ஆய்வாளர் ஏழையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"ஒரு மூடியை எட்டுப் பேருமா சார் கழட்டினாங்க?"

மாஸ்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.