பரிசு வயிறு

செல்வநாயகத்துக்கு அந்தக் கதையின் மேல் சந்தேகம் விழுந்து எட்டு வருஷமாகிறது. எட்டு வருஷமும் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் அதை அச்சடித்துக் கொடுத்தார். அச்சு இயந்திரத்துக்குச் சந்தேகம் வராது. அதன் சொந்தக்காரருக்கு வந்தாலும் வாய் வராது.

கதை டாக்டர் சுஜனுடையது. குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை நிபுணர். சில குழந்தைகள் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பே இல்லாமல் பிறக்கும். மலம் நகராது, வயிறு ஊதிக்கொண்டே போகும். ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் அப்படிப் பிறந்த பிள்ளைகளைப் பற்றித்தான் டாக்டரின் ஆராய்ச்சி. அதைச் சனங்கள் படிக்கிற மாதிரி வருஷம் ஒரு சின்னப் புத்தகமாக்கி, பதுளை பஜாரில் இருக்கும் செல்வநாயகத்தின் அச்சகத்தில் கொடுப்பார்.

முதல் பக்கத்தில் எப்போதும் இதுதான்:

'ஒரு தோட்டத்தில் கொழுகொழு குழந்தைப் போட்டி. மலம் அடைத்து வயிறு ஊதிய ஆறு மாதக் குழந்தைக்கு, சட்டையைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் முதல் பரிசு கொடுத்தார் நடுவராக இருந்த கங்காணி. பரிசு வாங்கிய வயிற்றுக்கு வைத்தியம் எதற்கு என்று வீட்டிலேயே வைத்திருந்தாள் அறியாத தாய். மூன்று மாதம் கழித்து, சாகக் கிடந்த பிள்ளையை நான் காப்பாற்றினேன்.'

மேடையில் டாக்டர் இதைச் சொல்லும்போது, 'கங்காணி' என்ற இடத்தில் சபை சிரிக்கும். செல்வநாயகமும் சிரித்திருக்கிறார். வீட்டுக்குப் போன பிறகு, எதற்குச் சிரித்தோம் என்று யோசித்தும் இருக்கிறார்.

தோட்டத்து விழாக்களுக்கு எத்தனையோ அழைப்பிதழ் அடித்தவர் அவர். கங்காணியை எவரும் நடுவராக்கி அவர் பார்த்ததில்லை. நடுவர் டவுனிலிருந்து காரில் வருவார். அவர் உட்காரக் கங்காணி கதிரை சுமப்பார்.

டாக்டரிடம் கேட்டிருக்கலாம். நல்ல வாடிக்கையாளர். கேட்கவில்லை.

இந்த வருஷம் டாக்டர் புதிதாக இரண்டு சேர்த்தார். தோட்டத்தின் பெயர் ஒன்று, பிள்ளையின் படம் ஒன்று.

"படத்தை அந்தத் தாயே கொண்டாந்து தருவா, நாயகம். நான் சொன்னா மறுக்க மாட்டா."

மறுக்கவில்லை. பெரகல பக்கத்து வெள்ளைப்பாறைத் தோட்டத்திலிருந்து, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து நின்றாள் சுதர்ஷினி.

"மொதலாளி, டாக்டரையா படம் குடுக்கச் சொன்னாரு."

"இரும்மா. பையன் எப்படி இருக்கான்?"

"நிஷாந்துக்கு இப்ப பதினாலுங்க. நல்லா சாப்புடுறான், நல்லா ஓடுறான்." கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மொதலாளி, தோட்டத்துப் பேரை மட்டும் போடாம விட்டுடலாமுங்களா?"

"ஏன்?"

"படமும் பேரும் வந்தா எங்க புள்ளதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். இப்பவே ஸ்கூல்ல ரெண்டு பேரு 'பரிசு வயிறு, பரிசு வயிறு'ன்னு கூப்புடுறானுகளாம். புத்தகமும் வந்துட்டா இனி ஸ்கூல் பக்கமே போகமாட்டேங்கிறான்."

செல்வநாயகத்துக்கு எரிச்சல் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் எதிரில் இருந்தவள் மேல் காட்டினார்.

"நீயும்தான் மூணு மாசம் வீட்டுல வச்சிருந்திருக்கியேம்மா. வயிறு ஊதினது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க. ஆனா பிள்ளைக்காம்பராவுல புள்ளைகளைப் பார்த்துக்குறவங்க, துணியை அழுக்காக்காத தங்கப் புள்ளைன்னு இவனைத்தான் சொல்லுவாங்க. அஞ்சு நாளைக்கு ஒருக்கா வெளிக்குப் போற புள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது. மிட்வைஃப் அம்மா மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னாங்க. அதுக்குள்ள போட்டி வந்துருச்சு. அவ்வளவு படிச்சவரே முதல் பரிசுன்னுட்டாரு. லயத்து வீட்டுச் சனமெல்லாம் வந்து புள்ளையைத் தூக்கிப் பார்த்துச்சு. இனி புள்ளை ஒடம்புக்கு என்ன வருத்தம் இருக்கப் போகுதுன்னு இருந்துட்டேங்க."

"கங்காணி அவ்வளவு படிச்சவரா?"

"எந்தக் கங்காணிங்க? பொன்னையா கங்காணி பந்தல்தானே போட்டாரு."

பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்து நீட்டினாள். முதல் பரிசு சர்டிபிகேட். ஓரமெல்லாம் பூஞ்சணம். மேல் மூலையில் குழந்தையின் படம் ஒட்டியிருந்தது.

"பிச்சா கிழிஞ்சிரும்னு அப்படியே கொண்டாந்துட்டேங்க."

செல்வநாயகம் படத்தைப் பார்த்தார். பிறகு, கடைசி வரிக்கு மேலேயிருந்த கையெழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இதை யார்கிட்டயும் காட்டலையாம்மா?"

"காட்டி என்னங்க செய்ய? புள்ள உசுரோட இருக்கான். எல்லாரும் நல்லா இருக்கட்டும். எனக்கு அந்தத் தோட்டத்துப் பேரை மட்டும் எடுத்துட்டீங்கன்னா போதும்."

அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டருக்கு ஃபோன் எடுத்தார்.

"டாக்டர், தோட்டத்துப் பேரை எடுத்துடச் சொல்லி அந்தப் பொம்பளை கேக்குறாங்க."

"கூடவே கூடாது. இது ஆராய்ச்சி, நாயகம். பேர் போடலேன்னா கட்டுக்கதைன்னு சொல்லிருவானுங்க. ஆராய்ச்சியில யாருக்காகவும் எதையும் மறைக்கக் கூடாது."

"சரிங்க டாக்டர்."

எட்டு வருஷமாகத் தொண்டையில் நின்றதைச் செல்வநாயகம் கேட்டேவிட்டார்.

"அப்போ, 'கங்காணி'ன்னு இருக்கிற இடத்துல, சர்டிபிகேட்டுல நடுவர் கையெழுத்துக்குக் கீழே இருக்கிறபடி 'டாக்டர் சுஜன்'னு மாத்திடவா?"