ஓடு கேட்கும் கூரை

சோரியாங்குப்பம் பள்ளிக்கூடத்துக் கூரைமேல் நின்றுகொண்டு, நேற்று தன் கையால் வேய்ந்த புதுக் கீற்றுகளை இப்போது பிடுங்கிப் பிடுங்கி எறிகிறான் தணிகைவேல். ஓடு போடப் பிரெஞ்சு சர்க்கார் பணம் தரலாமா என்று பார்க்கப் புதுச்சேரியிலிருந்து துரை வருகிறார். "கூர நல்லாக்கீதுன்னு சொல்லிட்டுப் பூடுவாருடா! ஒழுவுறத இன்னாத்துக்கு மூடுன?" கையில் மாலை ஆடக் கீழேயிருந்து கத்துகிறார் நாட்டாமை தங்கவேல். "துரை கண்ணுக்கு அசிங்கமா தெரியக் கூடாதுன்னுதாண்ணே..." பிய்த்த இடமெல்லாம் வெயில் வட்டவட்டமாகக் கரும்பலகைமேல் விழுகிறது. ஹாரன் கேட்கிறது. கீழே நிற்கும் ஊரார் எல்லோரும் சாலையோரம் ஓடிக் கை கூப்புகிறார்கள். துரையின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, நிற்காமல் ஆற்றுப் பக்கம் போய்விடுகிறது. கரும்பலகையில் வெயில் மங்குகிறது. கிழக்கே மேகம் திரள்கிறது. தங்கவேல் மாலையை ஏணியில் மாட்டிவிட்டு, குனிந்து, கீற்றுகளைப் பொறுக்கி மேலே தணிகைவேலிடம் நீட்டுகிறார்.