பேரம் பேசாத தாயுள்ளம்

ஆட்டோ ஓட்டும் கோதண்டத்துக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி. தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அரசின் ‘தாயுள்ளம்’ செயலியில் படிவமும் இல்லை, வரிசையும் இல்லை; குறையை வாயால் சொன்னால் போதும்.

அவன் மனைவி தெய்வானை காய்கறிச் சந்தையில் வளர்ந்தவள். பாதி கிடைக்க வேண்டுமென்றால் முழுசாகக் கேட்க வேண்டும் என்பது அவள் வேதம். “எம் புருஷனுக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சு, தாயி!” என்று ஒப்பாரி வைத்தாள்.

தாயுள்ளம் பேரம் பேசவில்லை. “ஏற்கப்பட்டது” என்றது. சாயங்காலமே பார்வையற்றவர்களுக்கான வெள்ளைக் கைத்தடி வீடு தேடி வந்தது. ஓட்டுநர் உரிமம் ரத்தானதால், அதோடு இணைக்கப்பட்டிருந்த ஆட்டோவும் கிளம்ப மறுத்தது.

“பொழப்பே போச்சேடி! உள்ளத உள்ளபடி சொல்லித் தொலை!”

“நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கிறேன்.” மறுபடி செயலியைத் திறந்தாள். “அவருக்குக் கழுகுக் கண்ணு, தாயி. கோபுர உச்சியில எறும்பு ஊர்றதச் சொல்வாரு!”

“ஏற்கப்பட்டது. உரிமம் திரும்பத் தரப்பட்டது. இனிக் கண்ணாடி உதவி தேவைப்படாது.”

ஆட்டோ உறுமிக் கிளம்பியது. கோதண்டம் கண்ணை இடுக்கினான். “ஏண்டி, முன்னாடி நிக்கிறது போலீஸா, தபால்பெட்டியா?”

தெய்வானை முந்தானையைச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“போலீஸ்தான். கும்பிட்டுக்கிட்டே வண்டிய இடது பக்கம் ஒடிங்க.”