வாயைத் திறந்து கூப்பிடுங்க

நாய் மறுபடியும் கருவாட்டுக்குள் பாய்ந்துவிட்டது!

சுல்பா அடுப்பில் கொதித்த தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டு, வாசலில் கிடந்த துடுப்பைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள்.

அல்லாஹ்வே, இன்றைக்குப் பார்த்தா! புத்தளத்து வியாபாரி பகலைக்கு லொறியோடு வருகிறார். நல்ல வெயிலில் காய்ந்த கட்டாக் கருவாடு பாய் பாயாகக் கிடக்கிறது. நாய் வாய் வைத்தது என்று ஒரு கதை கிளம்பினால் போதும், ஒருவரும் தொடமாட்டார்கள். சட்டி பானை என்றால் மார்க்கத்தில் சொன்னபடி ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணும் போட்டுக் கழுவி எடுக்கலாம். காய்ந்த கருவாட்டை எப்படிக் கழுவுவது?

நாய் முதல் பாயில் ஒரு கட்டாவைக் கவ்வியது. அது பிடிக்கவில்லையோ என்னவோ, போட்டுவிட்டு அடுத்த பாய்க்குத் தாவியது.

"லிங்கண்ணன்! ஒங்கட நாயக் கூப்பிடுங்க!"

பக்கத்து வளவு மகாலிங்கம் ஏற்கெனவே வேலியடியில் நின்றார். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்து இந்தக் கரையில் குடியேறிய மனுஷன். வலை திருத்துவதில் கெட்டிக்காரர், ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னுக்கு நிற்பவர். ஆனால் நாய் விஷயத்தில் மட்டும் அவரைப் போல ஒரு பொறுப்புக் கெட்ட ஆளை சுல்பா கண்டதில்லை. கட்டி வைக்கச் சொன்னால், கட்டினால் ஊளையிடுகிறது என்பார். அவிழ்த்துவிட்ட நாய் ஊரெல்லாம் மேயும். இவர் பின்னால் போய்க் கைதட்டுவார்.

இப்போதும் அதையேதான் செய்தார். தட்டு தட்டென்று தட்டினார். உதட்டைக் குவித்துச் சீழ்க்கை அடித்தார். நாய் காதைக்கூட ஆட்டவில்லை.

ஒரு நாளாவது வாயைத் திறந்து கூப்பிட்டிருப்பாரா? அந்த நாய்க்கு என்ன பெயர் என்றே ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சின்னப் பிள்ளைகள் 'கருவாட்டுக் கள்ளன்' என்று தாங்களே ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

சுல்பா ஓங்கிய துடுப்போடு பாய்களுக்கு நடுவில் ஓடினாள். நாய் இதை விளையாட்டு என்று நினைத்துவிட்டது! வாலை ஆட்டிக்கொண்டு ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கருவாடு மணலில் பறந்தது. மீன் வாடிக் கொட்டில்களில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து நின்று சிரித்தார்கள். கரைக்கு மேலே நேவிக் காவலரணில் நின்ற பொடியனும் எட்டிப் பார்த்தான்.

கடைசியில் நாய் படகுக்கும் வேலிக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. சுல்பாவுக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆத்திரம் தலைக்கேறியது. துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கினாள்.

"இப்பக் கூப்பிடுங்க! வாயில என்ன, கொழுக்கட்டையா? இல்லாட்டி இதுட முள்ளந்தண்ட ஒடைப்பன், வல்லாஹி!"

மகாலிங்கம் துடுப்பைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு, ஏனோ, காவலரணைப் பார்த்தார்.

"டைகர்!"

அவ்வளவுதான். சிரித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் காவலரணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டைகர். புலி. யுத்தம் முடிந்து முழுசாக இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வன்னியிலிருந்து வந்த மனுஷன், நேவிக்காரனின் துவக்குக்கு முன்னால், ஊர் கேட்கப் புலியைக் கூப்பிட்டுவிட்டார்! சுல்பாவின் துடுப்பு ஓங்கியபடியே நின்றது.

கருவாட்டுக் கள்ளன் ஒரே பாய்ச்சலில் மகாலிங்கத்திடம் ஓடியது.

இந்தா, இன்னொரு நாய்! கழுத்தில் சிவப்புப் பட்டி கட்டிய நல்ல கொழுத்த நாய். காவலரண் பக்கமிருந்து மணல் பறக்க இறங்கி, மிச்சமிருந்த பாய்களையும் மிதித்துத் தள்ளிக்கொண்டு மகாலிங்கத்தை நோக்கி வந்தது. அதற்குப் பின்னால் நேவிப் பொடியன், தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சிங்களத்தில் கத்தியபடி ஓடிவந்தான்.

"டைகர்! ஏய் டைகர், மெஹே வரெங்!"

கரை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. இரண்டு டைகரும் ஒன்றையொன்று மோந்து பார்த்தன. சுல்பாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நேவி என்றால் என்ன, நாயைக் கட்டி வைக்கத் தெரியாதா என்று அவனையும் நாலு கேள்வி கேட்கத்தான் நினைத்தாள். மகாலிங்கத்தையும் சேர்த்து ஏசுவதற்காகத் திரும்பினாள்.

அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தன. உயர்த்தும்படி யாரும் சொல்லவில்லை.

நாய் துள்ளித் துள்ளி அந்தக் கைகளை எட்டப் பார்த்தது.

சுல்பா துடுப்பை மணலில் போட்டாள்.

"கையைக் கீழ போடுங்க, அண்ணன்," என்றாள். "அவன் அவன்ட நாயத்தான் கூப்பிடுறான்."