பாலத்துக்கு அந்தப் பக்கம்

"வரமாட்டேன்னு சொல்லிட்டீங்களா? இல்ல, யோசிச்சுச் சொல்றேன்னு போனை வெச்சிட்டீங்களா?"

கோச் இன்னும் சட்டையைக்கூட மாற்றவில்லை. கழுத்தில் விசில் தொங்க, சமையலறை நாற்காலியில் சாய்ந்திருந்தார். மனைவி பின்வாசல் குழாயடியில் குந்தியபடி, பூட்ஸின் அடியில் அப்பியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்னேன். சாயங்காலத்துக்குள்ள பதில் வேணுமாம்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பேசாம போங்க."

அவர் பாலத்துக்கு இந்தப் பக்கத்துக் கிளப்பில் பெண்கள் கால்பந்து அணியின் கோச். இப்போது அவரை வேலைக்குக் கூப்பிடுவது பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். ஆட்டத்தில் எந்தப் பக்கம் தோற்கிறதோ, அந்தப் பக்கத்தில் அன்றைக்கு பஸ் டிரைவர்கூட ஹாரன் அடிக்கத் தயங்குவார்.

அந்த ஆட்டம் வருகிறது என்றால், அதற்கு முந்தைய வாரம் முழுக்கக் கோச்சுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் அவருடைய அக்கா வீட்டில்தான். மனைவியே பையில் துணிமணியை அடுக்கிக் கொடுத்து அனுப்பி வைப்பாள். "புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல இது என்னடா கூத்து?" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "ரெண்டு பேருக்கும் நல்லதுக்கா" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆட்டத்தில் இவருடைய அணிதான் ஜெயித்தது. அதுவும் கடைசி நேரத்துக் கோல். ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஆனால் வீடு திரும்பியதிலிருந்து மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஊர் சும்மா விடுமா? போன வாரம் அவங்களைத் தோற்கடிச்சான், இந்த வாரம் அங்கேயே போய் ஒட்டிக்கிட்டான்னு காறித் துப்பாதா?"

"ஊர் நாலு நாள் பேசும். அப்புறம் வேற ஆள் கிடைச்சதும் நம்மளை விட்டுடும்."

"அதை விடு. முழங்கால் போய், இனிமே ஆடவே முடியாதுன்னு நான் மூலையில முடங்கிக் கிடந்தப்போ ஒரு கிளப்காரன் எட்டிப் பாக்கலை. நம்ம தலைவர்தான் தேடி வந்தார். 'ஓட முடியாட்டி என்னப்பா, நீ மத்தவங்களை ஓட வை'ன்னு இந்த விசிலைக் கையில குடுத்தார். நான் போறேன்னு சொல்லிட்டு, அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கிளப் தலைவரேதான். கோச் பதறி எழுந்து நின்றார். வீட்டுக்குள்ளே நிற்கிறோம், எதிரே தலைவர் இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவில்லை.

"எல்லாம் காதுல விழுந்துச்சுப்பா. சந்தோஷமா போய்ட்டு வா."

"ஐயா, நான் இன்னும் ஒத்துக்கவே இல்லைங்க..."

"ஒத்துக்கோ. அங்கே நல்ல மைதானம் இருக்கு, டாக்டர் இருக்கார். நம்மகிட்ட என்ன இருக்கு? ரெண்டு தூத்தல் போட்டா மைதானம் குளமாயிடும். அந்தக் குளத்துல வெச்சு எங்க பொண்ணுங்களை ஜெயிக்க வெச்சியே, அதை நாங்க மறப்போமா? நாங்கதான் உனக்கு நன்றி சொல்லணும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அடுத்த தடவை எங்களைப் பாத்து அடி, ரொம்பப் போட்டு நொறுக்கிடாதே."

"உங்க மனசு யாருக்கு வரும்ங்கய்யா" என்று கோச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் போனை வைத்துவிட்டார்.

"அவரும் சரின்னுட்டாரா?" குழாயடியிலிருந்து குரல் வந்தது. "அடுத்த சாக்கு என்ன?"

"சாக்கா? என் பொண்ணுங்க இருக்காங்களே! அவங்களை அம்போன்னு விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"உங்க கேப்டன் காலையிலேயே எனக்குப் போன் பண்ணிட்டா. 'சாரைப் போகச் சொல்லுங்கக்கா, இங்கே நாங்க சமாளிச்சுக்கறோம்'னு சொல்லிட்டு ஓன்னு அழுதா. நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன்."

கோச் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தார். ஒரு மனிதனுக்கு இத்தனை பேர் இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் அவன் என்னதான் செய்வான்? போகாதே என்று தடுக்க ஊரில் ஒருத்தர் மிச்சமில்லை. அப்படியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை.

"முடியாது. வரலைன்னு சொல்லிடப் போறேன்."

மனைவி குச்சியைக் கீழே போட்டாள். "என்னங்க இது, சின்னப் பிள்ளை மாதிரி! எல்லாரும் வாழ்த்தி அனுப்பறாங்க. இன்னும் யாருக்கு நன்றிக்கடன் பாக்கி?"

"உனக்குத்தான்!" அவர் குரல் உடைந்தது. "தலைவர் விசிலைத்தான் குடுத்தார். கால்ல கட்டோட படுத்திருந்தவன் பக்கத்துல உட்கார்ந்து, கோச் வேலையை அ முதல் ஃ வரைக்கும் கத்துக் குடுத்தது யாரு? நீதானே! அந்தப் பக்கம் போய் நான் உட்காரப் போறது யார் இடம்னு எனக்குத் தெரியாதா?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"உங்ககிட்ட தோத்ததுக்கு அந்தக் கிளப் என்னைக் கோச் வேலையிலேருந்து தூக்கிடுச்சு, ஆட்டத்துல அது சகஜம். 'உங்களுக்கு அப்புறம் யாரைப் போடலாம்'னு அவங்க கேட்டப்போ உங்க பேரைச் சொன்னதே நான்தான். என் பொண்ணுங்களை வேற யாரை நம்பி விட்டுட்டு வருவேன், சொல்லுங்க?"