அவனுடைய ‘நான்’

அவன் கைகளை உயர்த்திவிட்டான். இனி அவள் வாயைத் திறக்க வேண்டும்.

“வணக்கம். என் பேரு ஆன்றோ,” என்றாள் மைக்கில். “எனக்குக் காது கேக்காது.”

அரங்கத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். பெண் குரலில் ஆன்றோ. பக்கத்தில் இருந்தவர்கள் அவர்களைத் தட்டி அடக்கினார்கள்.

அதுதான் முறை. சைகையைக் குரலில் சொல்பவர் ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. அவன் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’. பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்புக்கு வெகுகாலம் முன்பே, மளிகைக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவள் அப்படித்தான் பேசி வந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது இருக்கும்.

அவன் அவளுடைய தம்பி.

அது அங்கே யாருக்கும் தெரியாது. அவனுக்காகப் பேச ஒருவர் வந்திருக்கிறார் என்று மட்டும் அறிவித்திருந்தார்கள்.

புதிய அரசு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எதையெல்லாம் மாற்றலாம் என்று இளைஞர்களே சொல்லட்டும் என்று பெண் அமைச்சர் ஒருவர் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். ஆளுக்கு மூன்று நிமிடம். அதற்குள் ஒருவன் லஞ்சத்தை ஒழித்துவிட்டு இறங்கியிருந்தான். ஒரு பெண் கல்யாணச் செலவுக்கு உச்சவரம்பு கேட்டாள். பின்வரிசை அம்மாக்கள் அவளுக்குத்தான் அதிகம் கைதட்டினார்கள். அமைச்சர் எல்லாவற்றையும் கேட்டார். உண்மையாகவே கேட்கிற முகம்.

ஆன்றோவின் யோசனையை வீட்டில் பேசிப் பழகியிருந்தார்கள்.

“தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, எல்லா எடத்துலயும் சைகை தெரிஞ்ச ஒருத்தர் வேணும். ஆள் இல்லன்னா வீடியோவுலயாவது வரணும். போன மாசம் சான்றிதழ் வாங்கப் போனேன். எனக்குக் கேக்காதுன்னு எழுதிக் காட்டினேன். கிளார்க்கு அதப் படிச்சுட்டு, இன்னும் சத்தமாப் பேசினாரு.”

அரங்கம் சிரித்தது. இந்தச் சிரிப்பு அவன் கேட்டு வாங்கியது. அவனும் சிரித்தான்.

அதோடு முடித்துக்கொள்வதாகத்தான் ஏற்பாடு.

அவன் இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்தான். கன்னக்குழி. அது அவளுக்கு அவன் வைத்திருக்கும் பெயர்.

“எங்க அக்கா,” என்றாள் அவள். குரல் கொஞ்சம் இறங்கியது.

அக்காவுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, என்றன அவன் கைகள்.

அவள் நின்றுவிட்டாள்.

அந்த வேலையைப் பற்றி அவள் வீட்டில் மூச்சுவிடவில்லை. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை. படித்த படிப்புக்கு முதல்முதலாக வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வர முடியாது என்று சொல்லிவிடுவதாக முடிவுகட்டியிருந்தாள். அம்மாவுக்குச் சைகையில் சாப்பாடு, தூக்கம், கோபம் மூன்றும்தான் வரும். அம்மாவை நம்பி இவனை எப்படி விட்டுப் போவது?

அவன் உதட்டசைவைப் படித்துவிடுவான். அதனால் போனில் பேசும்போது அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

பீரோ கண்ணாடியில் பார்த்தேன், என்றன கைகள்.

படுபாவி, என்று நினைத்தாள்.

“அவ்வளவுதான். எல்லாருக்கும் நன்றி,” என்று முடிக்கப் பார்த்தாள்.

அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று தலையாட்டினான். திரும்பவும் இரண்டு விரல் கன்னத்துக்குப் போனது. முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அமைச்சர் முன்னால் சாய்ந்தார். “என்னம்மா சொல்றாரு?”

வேறு வழியில்லை. அவன் சொன்னால் அவள் சொல்லத்தான் வேண்டும்.

“எங்க அக்காவுக்கு சென்னையில வேலை கெடச்சிருக்கு. எனக்காக அவ போகமாட்டா. நான் எங்க போனாலும் அவதான் எனக்கு வாய். சின்னப் பிள்ளையிலேருந்து அப்படித்தான். எனக்குக் காது கேக்காதது அவ தப்பில்ல. ஆபீஸ்ல ஒரு ஆளப் போடுங்க. போடுற வரைக்கும் எழுதிக் காட்டிச் சமாளிச்சிக்கிடுவேன். எங்க அக்காவ விட்டுருங்க.”

கடைசியில் அவள் குரல் உடைந்தது. அவன் கைகள் நிதானமாகத்தான் இருந்தன.

இந்தப் பொண்ணு நல்லா உணர்ச்சியோட பேசுது என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்.

அமைச்சர் அவனைப் பார்த்துக் கேட்டார்.

“அக்கா என்ன சொல்றாங்க தம்பி? போறாங்களா?”

அவள் அந்தக் கேள்வியைக் கைகளால் அவனுக்குச் சொன்னாள்.

அவன் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

அவள் காத்திருந்தாள்.

கைகள் வெளியே வரவில்லை.

அரங்கமும் காத்திருந்தது. எடுத்துச் சொல்ல அவளுக்கு அங்கே ஒரு சைகையும் இல்லை. அவன் கண்கள் மட்டும் அவள் உதட்டில் இருந்தன.

“போறேன்,” என்றாள்.

அமைச்சருக்குக் குழப்பம். “இல்லம்மா. நான் கேட்டது அவரோட அக்காவ.”

“ஆமா மேடம்,” என்றாள் அவள். “நான் போறேன்.”